டாஃப்னி டு மாரியர் எழுதிய வாழ்க்கை வரலாறுகளை எப்படிப் படிப்பது? முழுமையான வழிகாட்டி

'ரெபெக்கா' நாவலை எழுதியவர் என்று டாஃப்னி டு மாரியரைப் பலருக்கும் தெரியும். ஹிட்ச்காக்கின் 'பறவைகள்' படத்துக்கு மூலக்கதை அவருடையது என்பதும் தெரிந்திருக்கும். அதே கைதான் இறந்துபோன அப்பாவின் வாழ்க்கையையும் எழுதியது. எள்ளுப் பாட்டி காலம் வரை பின்னால் போய்க் குடும்பக் கதை எழுதியது. ஆங்கில நாவலாசிரியர்களான பிரான்டே சகோதரிகளோடு பிறந்து குடியில் அழிந்த பிரான்வெல்லையும், முதலாம் எலிசபெத் மகாராணி காலத்து பேக்கன் சகோதரர்களையும் எழுதியது. இந்தப் பக்கம் வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் கையில் கிடைத்த புத்தகத்தைத் திறந்து, பாதியில் திணறி மூடிவிடுகிறார்கள்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். தத்துவ அறிஞர் பிரான்சிஸ் பேக்கனைப் பற்றிய 'தி வைண்டிங் ஸ்டேர்' முதலில் கிடைத்தது. நாற்பது பக்கத்தில் நின்றுவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து அவருடைய அப்பாவைப் பற்றிய புத்தகத்தில் தொடங்கி, சரியான வரிசையில் மறுபடி வந்தபோதுதான், இந்தப் புத்தகங்கள் எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது புரிந்தது. 1937இல் அவர் நம்பி எழுதிய ஒரு குடும்பக் கதையை, 26 ஆண்டுகள் கழித்து அவரே தோண்டிப் பார்த்து, பொய் என்று கண்டு, திருத்தி எழுதினார். இந்த வழிகாட்டியே அந்த இடத்துக்கு உங்களைக் கூட்டிப்போகத்தான்.

படி 1: ஒரு தாளில் குடும்ப மரம் வரையுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டுப் படிக்கவே முடியாது. ஒரே பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். நம் உறவுமுறைச் சொற்களில் எழுதிக்கொண்டால் சட்டென்று மனதில் நிற்கும்.

டாஃப்னி பிறந்தது லண்டனில், 1907 மே 13. அப்பா ஜெரால்ட் டு மாரியர், அந்தக் காலத்து லண்டன் நாடக மேடையின் பெரிய நடிகர். அம்மா முரியல் போமான்ட்டும் நடிகைதான். அக்கா ஆஞ்செலா எழுத்தாளர், தங்கை ஜீன் ஓவியர். தாத்தா ஜார்ஜ் டு மாரியர், 'பஞ்ச்' பத்திரிகையின் கேலிச்சித்திரக்காரர். 'டிரில்பி' நாவலை எழுதி, வயதான காலத்தில் பெரும் புகழ் பெற்றவர்.

ஜார்ஜின் அப்பா லூயி-மத்துரின், அதாவது கொள்ளுத் தாத்தா. புதிது புதிதாக எதையாவது கண்டுபிடிக்கிறேன் என்று பணத்தைக் கரைத்தவர், நல்ல பாட்டுக்காரர். அவருடைய மனைவி எல்லன் கொள்ளுப் பாட்டி. எல்லனின் அம்மா மேரி ஆன் கிளார்க், எள்ளுப் பாட்டி. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகனும் படைத்தளபதியுமான யார்க் கோமகனுக்கு ஆசைநாயகியாக இருந்து, நாடாளுமன்றத்தையே கலக்கியவர். லூயி-மத்துரினின் அப்பா ராபர்ட் பூசோன், எள்ளுத் தாத்தா. இவர் பெயருக்கு அடியில் இரண்டு கோடு போட்டு வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

பக்கத்தில் ஒரு கிளை வரையுங்கள். ஜெரால்டின் அக்கா சில்வியா, டாஃப்னிக்கு அத்தை. அத்தையின் ஐந்து மகன்களைப் பார்த்துத்தான் ஜே. எம். பாரி 'பீட்டர் பேன்' நாடகத்தை உருவாக்கினார். அந்த நாடகம் 1904இல் முதலில் மேடையேறியபோது கேப்டன் ஹூக்காகவும், குழந்தைகளின் அப்பா டார்லிங்காகவும் நடித்தது தாய்மாமன் ஜெரால்டேதான்.

படி 2: புத்தகங்களை மூன்று குவியலாகப் பிரியுங்கள்

முதல் குவியல், வெளிப்படையாக வாழ்க்கை வரலாறு என்று வந்தவை. 'ஜெரால்ட்' (1934), 'தி டு மாரியர்ஸ்' (1937), 'தி இன்ஃபெர்னல் வேர்ல்ட் ஆஃப் பிரான்வெல் பிரான்டே' (1960), 'கோல்டன் லேட்ஸ்' (1975), 'தி வைண்டிங் ஸ்டேர்' (1976).

இரண்டாவது, நாவல் என்ற பெயரில் வந்தாலும் உண்மையில் வாழ்ந்தவர்களைப் பற்றியவை. எள்ளுப் பாட்டியைப் பற்றிய 'மேரி ஆன்' (1954), பிரெஞ்சு முன்னோர்களைப் பற்றிய 'தி கிளாஸ்-புளோயர்ஸ்' (1963) இரண்டும் முக்கியம். இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் சர் ரிச்சர்ட் கிரென்வில்லை வைத்து எழுதிய 'தி கிங்ஸ் ஜெனரல்' (1946) நாவலையும் இதில் சேர்க்கலாம், ஆனால் அவசரமில்லை.

மூன்றாவது சிறியது. அவர் பதிப்பித்த தாத்தாவின் கடிதங்கள், கடைசிக் காலத்தில் எழுதிய நினைவுக் கட்டுரைகள்.

முதல் குவியலின் ஐந்தும் விராகோ பதிப்பகத்தின் மறுபதிப்பாக வந்திருக்கின்றன. கடிதத் தொகுப்பைத்தான் பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் தேட வேண்டியிருக்கும்.

படி 3: 'ஜெரால்ட்' புத்தகத்தில் தொடங்குங்கள்

ஜெரால்ட் இறந்தது 1934 ஏப்ரலில். புத்தகம் அதே ஆண்டில் வெளிவந்துவிட்டது. எழுதியவருக்கு வயது 27. மூன்று நாவல் வெளியாகியிருந்தது, பெரிய பெயர் இன்னும் வரவில்லை. அப்பா போன துக்கம் ஆறுவதற்குள் எழுதிய புத்தகம். அப்படி எழுதினால் அழுகையும் புகழ்ச்சியுமாகத்தான் இருக்கும் என்று நினைப்போம். இது அப்படி இல்லை.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அவர் 'என் அப்பா' என்று எழுதவில்லை. புத்தகம் முழுக்க 'ஜெரால்ட்'தான். கதைக்குள் தான் வருகிற இடத்திலும் 'நான்' கிடையாது, 'டாஃப்னி' என்று மூன்றாம் ஆளாக எழுதுகிறார். முதலில் படிக்கும்போது விலகலாகத் தெரியும். ஓர் இருபது பக்கம் போனதும் அதன் பயன் புரியும். 'அப்பா' என்று எழுதினால் மரியாதை வந்து குறுக்கே நிற்கும். 'ஜெரால்ட்' என்று எழுதினால் அவர் சின்னப் பையனாக இருந்ததை எழுதலாம், காதலித்ததை எழுதலாம், வீணாகக் கோபப்பட்டதையும் எழுதலாம்.

இரண்டு, அவர் மறைக்காத விஷயங்கள். ஜெரால்ட் மேடையில் ஏறினால் நடிக்கிற மாதிரியே தெரியாது. சிகரெட்டைப் பற்றவைப்பதும், சட்டைப் பைக்குள் கைவிட்டு நிற்பதும், வீட்டில் இருப்பது போலவே இருக்கும். அந்த இயல்புதான் அவரைப் பெரிய நடிகராக்கியது. 1910 முதல் 1925 வரை விண்டம்ஸ் நாடக அரங்கை நடத்தினார், 1922இல் சர் பட்டம் வந்தது. எல்லாம் இருந்தும் மனிதருக்குச் சலிப்பு. எதிலும் நிலைக்காத மனம், திடீர் திடீரென்று இருட்டிக்கொள்ளும் முகம், இளம் நடிகைகளோடு விளையாட்டு, கட்டாமல் விட்ட வருமான வரி. 'டு மாரியர்' என்று ஒரு சிகரெட்டே வந்ததே, அதற்குப் பெயரைக் கொடுத்ததும் அந்த வரிக் கடனை அடைக்கத்தான். மகள் இதையெல்லாம் எழுதினார்.

இதைப் படிக்கும்போது ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஜெரால்ட் வீட்டில் ஐந்து பிள்ளைகள், அவர் கடைக்குட்டி. அக்கா சில்வியா 1910இல் போய்ச் சேர்ந்தார். அண்ணன் கை 1915இல் போர்முனையில் செத்தார். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு, எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டே இருந்த அந்த மனிதரைப் படியுங்கள். மகள் எதைச் சொல்ல வருகிறார் என்று தெரியும். அந்தச் சிரிப்புக்கு அவர் விளக்கம் எழுதவில்லை. சாவுகளை அந்தந்த இடத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். நாவலாசிரியர் வாழ்க்கை வரலாறு எழுதும்போது கிடைக்கிற பெரிய லாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

படி 4: 'தி டு மாரியர்ஸ்' படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும்

கணவர் ராணுவ அதிகாரி. அவருக்கு எகிப்தில் பணி. அலெக்சாண்டிரியா டாஃப்னிக்கு ஒட்டவே இல்லை. வெயிலும் விருந்துகளுமாகப் போன அந்த நாட்களில், இங்கிலாந்தின் நினைப்பிலேயே உட்கார்ந்து எழுதியதுதான் இந்தக் குடும்பக் கதை. மேரி ஆன் கிளார்க் ஊர் வாயில் விழுந்த காலத்தில் தொடங்கி, தாத்தா ஜார்ஜ் 1863இல் எம்மாவைக் கல்யாணம் செய்வதுவரை போகிறது.

படிக்கச் சுகமான புத்தகம், அதனாலேயே கவனம் தேவை. எழுதியவர் பிறப்பதற்கு எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்னால் பாரிஸில் ஓர் அறையில் இரண்டு பேர் பேசிக்கொள்கிறார்கள் என்று வரும். பேச்சு அப்படியே எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் நின்று குறித்துக்கொண்டது யார்?

இதற்கு நான் கையாளும் வழி எளிது. ஓரத்தில் மூன்று குறிகள் போடுவேன். கடிதம், பதிவேடு, செய்தித்தாள் இவற்றிலிருந்து வந்திருக்கும் என்று தெரிகிற இடத்தில் 'தா', தாளில் இருப்பது என்று அர்த்தம். தலைமுறை தலைமுறையாக வீட்டில் சொல்லிவந்தது என்றால் 'வா', வாய்ப்பேச்சு. எழுத்தாளரே இட்டுக்கட்டியது என்றால் 'க', கதை. முதல் இரண்டு அத்தியாயத்துக்கு வேகம் குறையும். அப்புறம் கை பழகிவிடும்.

ஒரு மாதிரிக்கு எல்லன் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேரி ஆன் மகள் எல்லனுக்கு உண்மையான அப்பா யார்க் கோமகன்தான் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு உண்டு. ராஜ ரத்தம் என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? ஆனால் தேதியை வைத்துப் பாருங்கள். மேரி ஆன் கோமகனோடு வாழத் தொடங்கியது 1803இல். எல்லன் பிறந்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்பே. அந்தப் பேச்சுக்கு 'வா' போட்டு, பக்கத்தில் '1803' என்று எழுதிவிட்டால் போதும். வாய்ப்பேச்சு எங்கே முளைத்தது என்பதும் தெரிந்துவிடும்: கோமகனிடமிருந்து மேரி ஆன் வாங்கிய ஆண்டு உதவித்தொகை, அவருக்குப் பிறகு மகளுக்கும் தொடரும்படி ஏற்பாடு. பணம் வருகிற திசையைப் பார்த்துத்தான் ஊர் ரத்த உறவைக் கணக்குப் போட்டிருக்கிறது.

அப்புறம் இன்னொரு வாய்ப்பேச்சு. பூசோன் டு மாரியர்கள் பிரெஞ்சுப் பிரபு வம்சம், புரட்சியில் தலை தப்பி இங்கிலாந்துக்கு வந்தவர்கள், சொத்து கோட்டை எல்லாம் அங்கேயே போய்விட்டது என்பது. தாத்தா ஜார்ஜ் இதை முழுசாக நம்பினார். 1937இல் பேத்தியும் நம்பினார். இது வருகிற இடத்தில் பெரியதாக ஒரு 'வா' போட்டு, அப்படியே விட்டு வையுங்கள்.

படி 5: நடுவில் தாத்தாவின் கடிதங்கள்

'தி யங் ஜார்ஜ் டு மாரியர்' கிடைத்தால் இங்கே படியுங்கள், கிடைக்காவிட்டால் கவலைப்படாமல் அடுத்த படிக்குப் போங்கள். ஜார்ஜ் 1860 முதல் 1867 வரை எழுதிய கடிதங்களை டாஃப்னி 1951இல் பதிப்பித்தார். வெளியிட்டவர் அத்தை மகன் பீட்டர் டேவிஸ், பாரியின் 'பீட்டர் பேன்' பெயருக்குக் காரணமான அதே பீட்டர்.

ஓவியராக வேண்டும் என்று ஆன்ட்வெர்ப்பில் படித்துக்கொண்டிருந்தபோது ஜார்ஜுக்கு இடது கண் பார்வை போய்விட்டது. மற்ற கண்ணும் போய்விடுமோ என்ற பயத்தோடுதான் லண்டனுக்கு வந்து பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தார். கடிதங்களில் அந்தப் பயமும் வேடிக்கையும் கலந்தே இருக்கும். பத்துக் கடிதம் படித்துவிட்டு 'தி டு மாரியர்ஸ்' கடைசி அத்தியாயங்களைத் திரும்பிப் பாருங்கள். நீங்கள் 'க' என்று போட்ட சில இடங்களை 'தா' என்று மாற்ற வேண்டியிருக்கும். எனக்கு அப்படி நேர்ந்தது. இட்டுக்கட்டியது என்று நினைத்த குரல் ஜார்ஜின் சொந்தக் குரலாகவே இருந்தது.

படி 6: 'மேரி ஆன்' படிக்கலாமா?

படிக்கலாம். ஆனால் வாழ்க்கை வரலாறாகப் படிக்க வேண்டாம். 1809இல் ராணுவப் பதவிகளைக் காசுக்கு விற்ற புகாரில் மேரி ஆன் நாடாளுமன்றத்தில் சாட்சி சொன்னதும், கோமகன் தளபதிப் பதவியை விட்டு விலக நேர்ந்ததும், 1811இல் திரும்ப அமர்த்தப்பட்டதும் உண்மை வரலாறு. விசாரணைக் காட்சிகள் நன்றாக இருக்கின்றன, ஏனென்றால் அங்கே கேள்வியும் பதிலும் பதிவில் உண்டு. மற்ற இடங்களில் நாவல் கொஞ்சம் தொய்கிறது என்பது என் அபிப்பிராயம். நேரம் குறைவு என்றால் இதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

படி 7: 'தி கிளாஸ்-புளோயர்ஸ்' நாவலைத் தவறவே விடாதீர்கள்

1950களில் டாஃப்னி தன் பிரெஞ்சு முன்னோர்களைத் தேடி பிரான்சுக்குப் போனார். சார்த் பகுதியின் காடுகளும், அங்கே இருந்த பழைய கண்ணாடித் தொழிற்கூடங்களும், ஊர்ப் பதிவேடுகளும்தான் அவருக்கு வழி காட்டின. தேடிப் போனது பிரபு வம்சத்தை. கிடைத்தது கண்ணாடி ஊதும் தொழிலாளர் குடும்பம்.

படி 1இல் இரண்டு கோடு போட்டோமே, ராபர்ட் பூசோன், அவர் கோட்டைக்காரர் இல்லை. கண்ணாடித் தொழிலில் பயின்ற கைவினைஞர். கெட்டிக்காரர், ஆடம்பரப் பிரியர். தொழிலில் நொடித்துப்போய், கடன்காரர்களிடமிருந்து தப்பி லண்டனுக்கு ஓடியவர். புரட்சியில் தப்பி வந்த பிரபுக்கள் கூட்டத்தோடு தன்னையும் சேர்த்துக்கொண்டார். 'டு மாரியர்' என்ற கம்பீரமான வால் எங்கிருந்து வந்தது? அவர் பிறந்த பண்ணை வீட்டின் பெயர் லெ மாரியர். அதை எடுத்துப் பெயரோடு ஒட்டிக்கொண்டார். தாத்தா ஜார்ஜ் பெருமையோடு சுமந்த பெயர், ஜெரால்ட் மேடைப் பலகையில் மின்னவைத்த பெயர், 'ரெபெக்கா' அட்டையில் அச்சாகி உலகம் முழுக்கப் போன பெயர், ஒரு பண்ணை வீட்டிலிருந்து எடுத்து ஒட்டியது.

வேறு ஒருவராக இருந்தால் இதை மூடி வைத்திருப்பார், அல்லது அடிக்குறிப்பில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்திருப்பார். டாஃப்னி இதற்காக ஒரு முழு நாவல் எழுதினார்.

நாவலின் தொடக்கத்தை மெதுவாகப் படியுங்கள். 1844ஆம் ஆண்டு. சோஃபி துவால் என்ற எண்பது வயதுப் பாட்டி. ராபர்ட்டின் தங்கை. தன் அண்ணன் மகன் ஒருவன் பாரிஸில் இருப்பது தெரிந்து போய்ப் பார்க்கிறாள். அவன்தான் லூயி-மத்துரின். அவன் தன் அப்பாவை ஒரு பிரபு என்று நம்பிக்கொண்டிருக்கிறான், பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்லி வளர்க்கிறான். அத்தைக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, உன் அப்பா யார், நாங்கள் யார் என்று அண்ணன் மகனுக்கு எழுதத் தொடங்குகிறாள். மீதி நாவல் முழுக்க அந்த எழுத்துதான்.

சோஃபி கதாபாத்திரம் மட்டும் இல்லை, உண்மையில் வாழ்ந்தவர். அண்ணன் மகன் நம்பிய பொய்யைத் திருத்துகிற அத்தையின் வாயில், தானே நம்பி எழுதிய பொய்யைத் திருத்துகிற வேலையைக் கொடுத்திருக்கிறார் டாஃப்னி. 'தி டு மாரியர்ஸ்' படிக்காமல் இந்த நாவலை மட்டும் படிப்பவர்களுக்கு இது பிரெஞ்சுப் புரட்சிக் கதை. இரண்டையும் வரிசையாகப் படித்தால், ஓர் எழுத்தாளர் தன் தப்பைத் தன் கையாலேயே திருத்துவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது போல இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உண்மையைச் சொல்ல நாவலைத் தேர்ந்தெடுத்தார் என்பதால் நாவலில் இருப்பதெல்லாம் உண்மை ஆகிவிடாது. பேச்சுகளும் மனதின் ஓட்டங்களும் அவர் படைத்தவை. பென்சிலைக் கீழே வைக்க வேண்டாம்.

படி 8: பிரான்வெல், இரண்டு நாவலாசிரியர்களின் நடுவில்

குடும்பத்தை விட்டு வெளியே வருகிறோம். பிரான்வெல் பிரான்டே 1817இல் பிறந்து 1848இல், 31 வயதில் இறந்தார். சார்லட், எமிலி, ஆன் மூவருக்கும் நடுவில் ஒரே ஆண் பிள்ளை. வீட்டின் நம்பிக்கை முழுக்க அவர் மேல்தான்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஓர் ஓவியத்தைப் பார்த்துவிடுங்கள். லண்டன் தேசிய உருவப்பட அரங்கில் இருக்கிற மூன்று சகோதரிகளின் படம். இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். 1834 வாக்கில் பிரான்வெல் வரைந்தது. மடித்து மடித்து வைத்த கோடுகள் துணியில் அப்படியே இருக்கும், ஏனென்றால் 1914வரை அது ஓர் அலமாரியின் மேல் மடிந்து கிடந்தது. சகோதரிகளின் நடுவில் ஒரு தூண். அதை உற்றுப் பாருங்கள். தூணுக்குள் ஓர் ஆள் நிற்பது மங்கலாகத் தெரியும். முதலில் தன்னையும் சேர்த்து வரைந்து, அப்புறம் தன்மேல் தூணைப் பூசிவிட்டார் பிரான்வெல். காலப்போக்கில் சாயம் மெலிந்து ஆள் வெளியே தெரிகிறார். டாஃப்னியின் புத்தகம் அந்தத் தூணைச் சுரண்டிப் பார்க்கிற வேலைதான்.

1826இல் அப்பா வாங்கி வந்த மரப்பொம்மைச் சிப்பாய்களில் தொடங்குகிறது விளையாட்டு. பொம்மைகளுக்குப் பெயர், நாடு, போர், பத்திரிகை என்று பிள்ளைகள் ஓர் உலகத்தையே எழுதினார்கள், எறும்பு ஊர்ந்தது போன்ற பொடி எழுத்தில். சார்லட் வளர்ந்து அந்த உலகத்திலிருந்து வெளியே வந்து 'ஜேன் அயர்' எழுதினார். பிரான்வெல் வரவே இல்லை என்பது டாஃப்னியின் வாதம். தலைப்பில் உள்ள 'நரக உலகம்' அந்தக் கற்பனை உலகம்தான்.

இந்தப் புத்தகத்தில் 'தா' குறிகள் அதிகம் விழும். உதாரணத்துக்கு லடெண்டன் ஃபுட் ரயில் நிலையம். பிரான்வெல் அங்கே பொறுப்பு எழுத்தராக இருந்தார். 1842இல் கணக்குப் பார்த்தபோது 11 பவுண்டு 1 ஷில்லிங் 7 பென்ஸ் குறைந்தது. வேலை போயிற்று. வாழ்க்கை வரலாற்றுக்குத் தேவை இந்த மாதிரி ஷில்லிங் கணக்குதான். 'பொறுப்பில்லாதவர்' என்று எழுதினால் அது தீர்ப்பு. 7 பென்ஸ்வரை எழுதினால் அந்த ஆள் மேசை முன்னால் வந்து நிற்கிறார்.

இப்போது இந்தப் படியின் முக்கியமான வேலை. இதே பிரான்வெல்லைப் பற்றி இன்னொரு நாவலாசிரியரும் எழுதியிருக்கிறார். சார்லட் இறந்து இரண்டு ஆண்டுகளில், 1857இல், எலிசபெத் காஸ்கெல் சார்லட்டின் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். தார்ப் கிரீன் என்ற இடத்தில் ராபின்சன் வீட்டுப் பையனுக்கு ஆசிரியராக இருந்த பிரான்வெல், 1845இல் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். வீட்டு எஜமானியம்மாதான் அவரைக் கெடுத்தார் என்ற பொருளில் காஸ்கெல் எழுதிவிட்டார். அந்த அம்மாள் அப்போது உயிரோடு இருந்தார். வக்கீல் நோட்டீஸ் வந்தது. 'டைம்ஸ்' பத்திரிகையில் மன்னிப்பு வெளியாயிற்று, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெற்றார்கள், திருத்திய பதிப்பு வந்தது.

காஸ்கெல்லின் அந்த அத்தியாயத்தையும் டாஃப்னியின் தார்ப் கிரீன் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காஸ்கெல்லுக்குத் தோழியின் குடும்பத்தைக் காப்பாற்றும் அவசரம். டாஃப்னி அந்தக் காதல் கதையையே சந்தேகிக்கிறார். அந்தக் கதை முக்கியமாக யார் வாயிலிருந்து வந்தது? பிரான்வெல் வாயிலிருந்து. வாழ்நாள் முழுக்கக் கதை கட்டியவர் சொன்னதை ஏன் அப்படியே நம்ப வேண்டும் என்று கேட்கிறார். நல்ல கேள்வி. அதற்குப் பதிலாக அவர் வைக்கிற ஊகத்தில் சில இடங்கள் எனக்கு ஒப்பவில்லை, ஆதாரம் போதவில்லை. ஆனாலும் கேள்வியின் மதிப்பு குறையவில்லை.

நேரம் இருந்தால் வினிஃப்ரெட் ஜெரினின் 'பிரான்வெல் பிரான்டே' (1961) புத்தகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டாஃப்னிக்கு அது தெரியும், முந்திக்கொண்டார். கணவரின் உடல்நிலை குலைந்திருந்த ஆண்டுகள் அவை. அந்த அவசரம் சில அத்தியாயங்களில் தெரிகிறது.

படி 9: பேக்கன் சகோதரர்கள்

நான் தவறாகத் தொடங்கிய இடம். இப்போது நீங்கள் தயார்.

'கோல்டன் லேட்ஸ்' முதலில், 'தி வைண்டிங் ஸ்டேர்' அப்புறம். முதல் தலைப்பு ஷேக்ஸ்பியரின் 'சிம்பலின்' நாடகப் பாட்டிலிருந்து, இரண்டாவது பிரான்சிஸ் பேக்கனின் கட்டுரையிலிருந்து எடுத்தது. உயர்ந்த பதவிக்குப் போகும் வழி சுழல் படிக்கட்டு என்று பேக்கன் எழுதியிருந்தார்.

பிரான்சிஸை உலகம் அறியும். அண்ணன் ஆந்தனி (1558–1601) ஒற்றர், நோயாளி. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் பிரான்சில் இருந்து இங்கிலாந்துக்குத் தகவல் அனுப்பியவர். அவருடைய கடிதக் குவியல் லாம்பெத் அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. டாஃப்னிக்குப் பிடித்தவர் ஆந்தனிதான், அது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். பிரான்வெல்லைப் போலவே இவரும் புகழ் பெற்ற உடன்பிறப்பின் நிழலில் நின்றவர். டாஃப்னி யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதில் ஒரு பழக்கம் இருப்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

இங்கே அவர் ஆராய்ச்சியாளராகவே ஒரு புதிய செய்தியைக் கொண்டுவந்தார். 1586இல் பிரான்சின் மொன்தொபான் நகரில் ஆந்தனி மேல் ஓரினச்சேர்க்கைக் குற்றச்சாட்டு வந்தது. அந்தக் காலத்தில் உயிரையே வாங்கக்கூடிய குற்றம். நவார் மன்னர் ஹென்றி குறுக்கிட்டதால் தப்பினார். பிரெஞ்சு ஆவணக் காப்பகத்தில் முடங்கிக் கிடந்த இந்தச் செய்தி வெளியே வந்தது டாஃப்னியின் புத்தகத்தில்தான். இங்கிலாந்துக்குத் திரும்ப ஆந்தனி ஏன் அத்தனை ஆண்டுகள் தயங்கினார் என்ற பழைய புதிருக்கு அது ஒரு விடையும் தந்தது.

பெயர்கள் கூட்டமாக வரும்போது திணற வேண்டாம். ஒரே ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 1601. எசெக்ஸ் பிரபு மகாராணிக்கு எதிராகக் கிளம்பித் தோற்கிறார். ஆந்தனி அந்தப் பிரபுவின் உளவு வேலைகளைப் பார்த்தவர். அரசுத் தரப்பில் நின்று பிரபுவுக்கு எதிராக வாதாடியது தம்பி பிரான்சிஸ். பிப்ரவரியில் பிரபுவின் தலை போகிறது. மே மாதம் ஆந்தனியும் இறந்துபோகிறார். இந்த நான்கு மாதங்களை முதலில் படித்துவிட்டு, அப்புறம் புத்தகத்தின் தொடக்கத்துக்குப் போனாலும் தப்பில்லை.

'தி வைண்டிங் ஸ்டேர்' அதற்குப் பிறகான பிரான்சிஸ். 1618இல் நாட்டின் தலைமை நீதிப் பதவி, 1621இல் லஞ்ச வழக்கு, 40,000 பவுண்டு அபராதம், சில நாள் லண்டன் கோபுரச் சிறை. வீழ்ச்சிப் பகுதி விறுவிறுப்பு. மற்ற இடங்களில் எழுத்தாளர் தரவுகளுக்குப் பயந்து நடப்பது போல எனக்குத் தோன்றும். பிரான்வெல்லிடம் காட்டிய துணிச்சல் இங்கே இல்லை.

படி 10: திரும்பி வாருங்கள்

'தி ரெபெக்கா நோட்புக்' என்ற பிற்காலத் தொகுப்பில் தாத்தா ஜார்ஜ், அப்பா ஜெரால்ட், அத்தை சில்வியாவின் பிள்ளைகள் ஆகியோரைப் பற்றிச் சின்னக் கட்டுரைகள் இருக்கின்றன. ஜெரால்ட் கட்டுரையை மட்டுமாவது படியுங்கள். அறுபது வயது தாண்டிய மகள் அதே அப்பாவை மறுபடி பார்க்கிறார். அதோடு மார்கரெட் ஃபார்ஸ்டர் 1993இல் எழுதிய டாஃப்னியின் வாழ்க்கை வரலாறு. ஃபார்ஸ்டரும் நாவலாசிரியர்தான். அப்பாவுக்கும் மகளுக்கும் இடையில் இருந்த நெருக்கத்தையும் மூச்சுமுட்டலையும் டாஃப்னி 'ஜெரால்ட்' புத்தகத்தில் எதுவரை சொன்னார், எங்கே நிறுத்தினார் என்பது ஃபார்ஸ்டரைப் படித்தால் தெரியும்.

கடைசியாக அலமாரியிலிருந்து 'தி டு மாரியர்ஸ்' புத்தகத்தை மறுபடி எடுங்கள். பூசோன் வம்சத்தைப் பற்றி நீங்கள் பெரியதாக 'வா' போட்ட பக்கத்தைத் திறங்கள். அந்தக் குறியை அழிக்க வேண்டாம். பக்கத்தில் '1963, சோஃபி' என்று எழுதி, பண்ணை வீட்டின் பெயரையும் குறித்து வையுங்கள்.